சபை இல்லாத மாகாணத்தில் மாகாண சபையைக் கற்பித்தல்: மட்டக்களப்பு வகுப்பொன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பு நகரிலுள்ள உயர்கல்வி நிறுவனம் ஒன்றில் வெளிவாரிக் கலைப்பட்டத்துக்குப் படிக்கும் மாணவர்களுக்கு இலங்கையின் அரசாங்கமும் அரசியலும் என்ற பாடத்தை வருகைதரு விரிவுரையாளராக நடத்தி வருகிறேன். வகுப்பு சனி, ஞாயிறுகளில். வாழைச்சேனை, ஏறாவூர், காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று கடற்கரையோரம் நெடுக இருந்து மாணவர்கள் வருகிறார்கள். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமங்களிலிருந்து வருபவர்களும் உண்டு. தமிழரும் முஸ்லிம்களும் ஏறத்தாழச் சமமாகக் கலந்த வகுப்பு. பெண்கள்தான் அதிகம். வார நாட்களில் பாலர் பாடசாலையில் படிப்பிப்பவர்கள், கடையில் கணக்கு எழுதுபவர்கள், முச்சக்கரவண்டி ஓட்டுபவர்கள் என்று பலர் வேலை செய்துகொண்டே படிக்கிறார்கள்.

இந்தப் பாடத்தில் ‘மாகாண ஆட்சியும் உள்ளூராட்சியும்’ என்ற அலகைப் பற்றியதுதான் இந்த ஆய்வு. உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் எடுத்தவர்கள் என்பதால் குறிப்பு அவர்களிடம் நிறையவே இருந்தது. 1987 யூலை 29 இலங்கை இந்திய ஒப்பந்தம், அதே ஆண்டு நவம்பரில் மாகாண சபைகளுக்கு வழிசெய்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம், 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டம், ஒன்பதாவது அட்டவணை, மூன்று நிரல்கள் (மாகாணத்துக்குரிய, மத்திக்குரிய, இரண்டுக்கும் பொதுவான விடயங்களின் பட்டியல்கள்) எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்வார்கள். ஆளுநரின் அதிகாரங்களை ஆராய்க என்றால் இரண்டு பக்கம் எழுதுவார்கள். ஆனால் கிழக்கு மாகாணத்தில் கடைசியாக முதலமைச்சராக இருந்தவர் யார் என்று கேட்டபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. தமிழ்நாட்டு முதலமைச்சரின் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அங்கே சட்டமன்றத்தில் 234 இடம் என்பதைக்கூட ஒரு மாணவி சொன்னார்.

இதில் மாணவர்களைக் குறை சொல்ல எதுவுமில்லை. கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்டெம்பர் 8ஆம் திகதி. சபையின் ஐந்தாண்டுக் காலம் 2017 செப்டெம்பர் 30உடன் முடிந்தது. அதே செப்டெம்பரில் நாடாளுமன்றம் மாகாண சபைத் தேர்தல் முறையையே மாற்றி, வட்டாரமும் விகிதாசாரமும் கலந்த முறையைக் கொண்டுவந்தது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்ட் 24 அன்று நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139 வாக்குகள். ஆதரவாக ஒன்றுகூட இல்லை. சமர்ப்பித்த அமைச்சரே ஆதரிக்கவில்லை. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லைகள் இல்லை என்ற நிலையில் தேர்தல் நின்றது. 2019 முடிவதற்குள் ஒன்பது மாகாணங்களிலும் சபைகளின் காலம் முடிந்துவிட்டது. பழைய முறைக்குத் திரும்பத் தனிநபர் சட்டமூலங்கள் வந்தன. எதுவும் தேர்தலில் போய் முடியவில்லை. என் வகுப்பிலுள்ள எவரும், ஏன், இன்று முப்பது வயதுக்குக் கீழே உள்ள எந்தக் கிழக்கு மாகாணத்தவரும் மாகாண சபைக்கு வாக்களித்ததே இல்லை.

மாகாணம் இருக்கிறது. ஆளுநர், பிரதம செயலாளர், திருகோணமலையில் தலைமையகம், அமைச்சுச் செயலாளர்கள், திணைக்களங்கள் எல்லாம் இயங்குகின்றன. மக்கள் தெரிவுசெய்ய வேண்டிய 37 பேரும் அவர்களுக்குள்ளிருந்து வரவேண்டிய ஐந்து பேர்கொண்ட அமைச்சர் வாரியமும் மட்டும் இல்லை. பாதி வெறுமையாகக் கிடக்கும் ஒரு நிறுவனத்தை எந்த ஒழுங்கில் கற்பிப்பது என்பதுதான் என் முன்னிருந்த பிரச்சினை.

எந்த இடத்தில் தொடங்குவது

வழக்கமாக இந்த அலகு வரலாற்றில் தொடங்கும். பண்டாரநாயக்க செல்வநாயகம் ஒப்பந்தம், டட்லி செல்வநாயகம் ஒப்பந்தம், 1981இன் மாவட்ட அபிவிருத்திச் சபைகள், பிறகு 1987. பாடநூலும் அப்படி, பரீட்சையும் அப்படி. மட்டக்களப்பில் இந்த ஒழுங்கு சிக்கலைக் கொண்டுவருகிறது என்பது என் உறுதியான கருத்து. 1987ஐச் சொன்ன அடுத்த நிமிடமே வடக்கும் கிழக்கும் இணைந்த மாகாணம் வருகிறது, 1990 வருகிறது, இந்த மாவட்டத்தில் நடந்த படுகொலைகளும் இடப்பெயர்வுகளும் வருகின்றன. ஒவ்வொரு மாணவரும் தன் வீட்டில் கேட்டு வளர்ந்த கதையோடுதான் வகுப்பில் இருக்கிறார். மாகாண சபை என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைத் தெரிந்துகொள்ளும் முன்பே அதை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்று வகுப்பு இரண்டாகிவிடும். அதற்குப் பிறகு நிரல்களைப் பற்றிப் பேசினால் எவர் காதிலும் ஏறாது.

ஆகவே வரலாற்றைப் பின்னுக்குத் தள்ளினேன், விடவில்லை. முதலில் பொறுப்பு, அடுத்து எண்ணிக்கை, அதன் பிறகே வரலாறு என்று ஒழுங்கை மாற்றினேன். எந்த வேலையை எந்த அலுவலகம் செய்கிறது என்பது முதலாவது. ஒரு சபை எப்படி அமைகிறது என்பது இரண்டாவது. இந்த ஏற்பாடு ஏன் இப்படி வந்தது என்பது, அந்தக் கேள்வி மாணவர் வாயிலிருந்தே வந்த பிறகு.

முதல் வேலையாகப் பையிலும் வீட்டிலும் இருக்கிற கடிதம், அனுமதிப்பத்திரம், பற்றுச்சீட்டு என்று எதையாவது கொண்டுவரச் சொன்னேன். தலைப்பில் எந்த அலுவலகத்தின் பெயர், அடியில் எவருடைய பதவி முத்திரை என்பதை மட்டும் பார்க்க வேண்டும். மோட்டார் சைக்கிளின் வருமான அனுமதிப்பத்திரத்தை ஒரு மாணவர் கழற்றிக்கொண்டு வந்திருந்தார். கிழக்கு மாகாணம் என்று அதில் அச்சாகியிருந்தது. ஒவ்வொரு வருடமும் அப்பா கட்டும் அந்தக் காசு மாகாணத்தின் வருமானம் என்பது அவருக்குப் புதிய செய்தி. ஆசிரியை ஒருவரின் மகள் தாயாரின் இடமாற்றக் கடிதத்தின் பிரதியைக் கொண்டுவந்தார். அது மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கடிதம். பிரதி போனது வலயக் கல்விப் பணிப்பாளருக்கு. பக்கத்தில் இருந்தவர் தேசிய பாடசாலையில் படித்தவர். அந்தப் பாடசாலைக்கு இடமாற்றம் கொழும்பிலிருந்து வருகிறது. இரண்டு பாடசாலைகளும் ஒரே நகரத்தில், நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. கல்வி மாகாணத்துக்குப் பகிரப்பட்டதா இல்லையா என்று கேட்டால் குறிப்பில் ‘ஆம்’ என்றிருக்கும். கடிதங்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது அந்த ஒற்றைச் சொல் போதவில்லை என்பது விளங்கியது.

வைத்தியசாலையும் அப்படித்தான். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ், ஊரில் இருக்கும் பிரதேச வைத்தியசாலை மாகாணத்தின் கீழ். கல்முனையிலிருந்து வரும் மாணவர் தினமும் ஏறும் பேருந்தில்கூட இதே கதை இருக்கிறது. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) பேருந்து மத்தியுடையது, அதே வழியில் அதன் பின்னால் ஓடும் தனியார் பேருந்துக்கு வழி அனுமதி கொடுப்பது மாகாணப் போக்குவரத்து அதிகார சபை.

மதகு ஆருடையது?

அடுத்ததாகக் குழுக்களாகப் பிரிந்து தங்கள் ஊரில் உள்ள ஒரு முறைப்பாட்டை எடுக்கச் சொன்னேன். அதிகாரம் யாருக்கு, காசு யாரிடம், கையொப்பம் யாருடையது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். ஊகித்து எழுதக்கூடாது, அலுவலகத்துக்குப் போய்க் கேட்டு எழுத வேண்டும்.

படுவான்கரைக் குழு ஒன்று ஒரு மதகை எடுத்துக்கொண்டது. 2024 நவம்பர் வெள்ளத்தில் மதகின் ஒரு பக்கம் அரித்துப்போயிருந்தது. உழவு இயந்திரம் போகும், முச்சக்கரவண்டி போகாது. பிள்ளைகளை ஏற்றிப்போகும் வான் மதகுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும்.

முதலில் பிரதேச சபைக்குப் போனார்கள். “இது எங்கட வீதிப் பட்டியல்ல இல்ல, புள்ளையள்” என்று உத்தியோகத்தர் பதிவேட்டைத் திறந்தே காட்டினார். அவர் சொன்னது சரி. நாட்டில் ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் இருக்கின்றன. சீ, டீ தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்திடம். அதற்குக் கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவை உள்ளூராட்சி மன்றங்களிடம். குழு மாகாண வீதித் திணைக்களத்தின் அலுவலகத்துக்குப் போனது. அங்கேயும் பட்டியலில் இல்லை. அங்கிருந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் வரைபடத்தில் விரலை வைத்து, “இது வீதியே இல்ல, வாய்க்கால் கட்டு. சனம் போய்ப் போய் வீதியாகிட்டு” என்றாராம். ஆக அது நீர்ப்பாசனத்துக்குரியது. நீர்ப்பாசனத் திணைக்களம் என்று ஒன்றா இருக்கிறது? மத்திக்கு ஒன்று, மாகாணத்துக்கு ஒன்று. எந்தக் குளத்துத் தண்ணீர் அந்த வாய்க்காலில் ஓடுகிறது என்பதைக் கண்டுபிடித்தால்தான் எந்தத் திணைக்களம் என்று தெரியும். அது பெரிய குளம் ஒன்றின் வாய்க்கால். மத்திய திணைக்களத்தின் பராமரிப்பில் உள்ளது.

குழுத் தலைவி வகுப்பில் ஒட்டிய தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. மதகை நடுவில் வரைந்து, அதிலிருந்து நான்கு அம்புகள். மூன்று அம்புகளின் மேல் சிவப்பு மையால் குறுக்குக் கோடு. நான்காவது அம்பின் நுனியில் திணைக்களத்தின் பெயர், அதன் கீழே சிறிய எழுத்தில் ‘ஆனால் மதகில் போவது அவர்கள் அல்ல’ என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை வைத்தே ஒரு மணித்தியாலம் பேசினோம். சட்டப்படி பொறுப்பு ஓரிடத்தில், பயன்படுத்தும் சனம் இன்னோரிடத்தில். இரண்டையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவது யாருடைய வேலை என்று கேட்டேன். பிரதேச செயலாளரின் வேலை என்றார் ஒருவர். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு என்றார் இன்னொருவர். நாடாளுமன்ற உறுப்பினர் என்றார் மூன்றாமவர். மாகாண சபை உறுப்பினர் என்ற விடை எவரிடமிருந்தும் வரவில்லை.

ஏறாவூர் மாணவர் ஒருவர் அப்போதுதான் எழுந்து கேட்டார்: “சேர், சபை இல்லாமலே எல்லாம் நடக்குதானே. மறுகா என்னத்துக்குச் சபை?”

இந்த அலகின் மையமான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். நிருவாகத்தை மட்டும் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு மாகாணம் என்றால் உத்தியோகத்தர்தான். அதிகாரப் பகிர்வின் பெருமையைச் சொல்லி இந்தக் கேள்வியை அமுக்கிவிடக்கூடாது. பாடசாலை திறக்கிறது, வைத்தியசாலையில் மருந்து கொடுக்கிறார்கள், சம்பளம் வருகிறது. எது நடக்கவில்லை என்பதைத் தேடிப் பார்க்காமல் விடை கிடைக்காது. அதைத் தேட எங்களுக்கு ஒரு வாய்ப்பும் பக்கத்திலேயே இருந்தது.

உள்ளூராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த தேர்தல் நிதி இல்லையென்று தள்ளிப்போனது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும்வரை இரண்டு வருடத்துக்கு மேலாகச் செயலாளர்களும் ஆணையாளர்களுமே சபைகளை நடத்தினார்கள். தெரிவான உறுப்பினர் இல்லாத சபை, இருக்கும் சபை என்று இரண்டையும் இந்த மாணவர்கள் தங்கள் ஊரிலேயே கண்டிருக்கிறார்கள். மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, இரண்டு நகர சபை, ஒன்பது பிரதேச சபை. வீட்டுக்குப் பக்கத்திலுள்ள சபையின் அமர்வுக்கு அனுமதி கேட்டுப் போய் உட்காரச் சொன்னேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்து, தெரிவான உறுப்பினர் இல்லாத காலத்துத் தீர்மானப் பதிவுகளையும் கேட்கச் சொன்னேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. தகவல் கொடுப்பதா இல்லையா என்ற முடிவைப் 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் அறிவிக்க வேண்டும். சில விண்ணப்பங்களுக்கு ஒழுங்காகப் பதில் வந்தது. ஒரு அலுவலகத்திலிருந்து இது எங்கள் விடயப் பரப்பு அல்ல என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. அதற்கு மேன்முறையீடு எழுதுவதையும் பாடமாக்கிக்கொண்டோம்.

கிடைத்த பதிவுகளை ஒப்பிட்டபோது வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. உறுப்பினர் இல்லாத காலத்தில் முடிவுகள் இருக்கின்றன, கேள்விகள் இல்லை. இன்ன வேலைக்கு இன்ன தொகை அனுமதிக்கப்பட்டது என்று இருக்கிறது; ஏன் அந்த வேலை, ஏன் அந்த வட்டாரம் என்று எவரும் கேட்டதாக இல்லை. 2025 யூனுக்குப் பிந்திய பதிவில் ஒரே தெருவிளக்குக்கு இரண்டு உறுப்பினர் சண்டை போட்டிருக்கிறார்கள். படுவான்கரை மதகைப் பற்றியும் ஒரு உறுப்பினர் பேசியிருக்கிறார். மதகு சபையுடையது அல்ல என்று தவிசாளர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குச் சபை கடிதம் எழுத வேண்டும் என்று தீர்மானம் ஆகியிருக்கிறது. மதகு இன்னும் திருத்தப்படவில்லை. ஆனாலும் பதில் கேட்கும் ஒரு கடிதம் போயிருக்கிறது, அதைக் கேட்டவரின் பெயர் பதிவில் இருக்கிறது.

“அப்ப மாகாணத்தில 2017க்குப் பிறகு கேள்வி கேட்ட ஆக்களே இல்லையா சேர்?” என்று அதே ஏறாவூர் மாணவர் கேட்டார். அதற்குப் பிறகு நியதிச் சட்டம், அதாவது மாகாண சபை ஆக்கும் சட்டம், பற்றிச் சொன்னபோது அது அவர்களுக்குத் தேவையான விடயமாகிவிட்டது. நிறைவேற்றுப் பணியை ஆளுநர் தன் பெயரிலேயே நடத்தலாம். மாகாண நிரலில் உள்ள விடயத்துக்குச் சட்டம் ஆக்கும் அதிகாரம் சபைக்குத்தான். சபை இல்லையென்றால் புதிய நியதிச் சட்டமும் இல்லை. வகுப்பிலுள்ள பாலர் பாடசாலை ஆசிரியைகளுக்குச் சம்பந்தமான மாகாணப் பாலர் பாடசாலைக் கல்விப் பணியகமே கிழக்கு மாகாண சபை ஆக்கிய நியதிச் சட்டத்தால் வந்தது என்றபோது அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதைத் திருத்த வேண்டுமென்றால் இன்று எவரிடம் போவது என்று ஒருவர் கேட்டார்.

இதோடு சேர்த்து, மத்தியின் கீழ் வறுமை ஒழிப்புத் திணைக்களம் ஒன்றை அமைக்க வந்த திவிநெகும சட்டமூலத்தையும் எடுத்தேன். மாகாண விடயத்தில் நாடாளுமன்றம் சட்டம் ஆக்குவதாக இருந்தால் எல்லா மாகாண சபைகளின் கருத்தையும் பெற வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2012இல் சொன்னது. கிழக்கு மாகாண சபை அதற்கு இணக்கம் தெரிவித்தது. அதாவது, தன் கையிலிருந்த அதிகாரம் மத்திக்குப் போவதற்குத் தானே கைதூக்கியது. வடக்கில் அப்போது சபையே இல்லை. சபைக்குப் பதிலாக ஆளுநர் இணக்கம் சொல்ல முடியாது என்று நீதிமன்றம் கொண்டது. சபை இருந்தும் விட்டுக்கொடுக்கலாம், சபை இல்லாததே ஒரு தடையாகவும் அமையலாம் என்ற இரண்டையும் ஒரே வழக்கில் காட்டக்கூடிய உதாரணம் இதைவிட வேறில்லை.

14, 11, 7, 4, 1

இந்த ஐந்து எண்களைப் பலகையில் எழுதினேன். கட்சிகளின் பெயரைச் சொல்லவில்லை. மொத்தம் 37, பெரும்பான்மைக்கு 19 வேண்டும். யார் யாரோடு சேர்ந்தால் ஆட்சி அமைக்கலாம் என்று எழுதச் சொன்னேன். எல்லாக் குழுக்களும் இரண்டு வழிகளையாவது கண்டன. 14உம் 7உம் 1உம் சேர்ந்தால் 22. 11உம் 7உம் 4உம் சேர்ந்தாலும் 22.

அதன் பிறகே பெயர்களை எழுதினேன். 14 ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு, 11 இலங்கைத் தமிழரசுக் கட்சி, 7 ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ், 4 ஐக்கிய தேசியக் கட்சி, 1 தேசிய சுதந்திர முன்னணி. 2012ஆம் ஆண்டின் கிழக்குத் தேர்தல் முடிவு. இரண்டு கணக்குகளுக்கும் பொதுவாக இருப்பது ஏழு. முஸ்லிம் காங்கிரஸ் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஆட்சி.

வகுப்பில் சத்தம் கூடியது. தமிழ்த் தரப்பு முதலமைச்சர் பதவியையே முஸ்லிம் காங்கிரசுக்குக் கொடுக்கத் தயார் என்று அப்போது சொன்னது. முஸ்லிம் காங்கிரஸ் மத்தியில் ஆளும் தரப்பில் இருந்தது. கிழக்கிலும் அவர்களோடு சேர்ந்தது. நஜீப் அப்துல் மஜீத் முதலமைச்சரானார். இதில் தமிழ் மாணவர்கள் சிலர் “பார்த்தீங்களா” என்பதுபோல் பார்த்தார்கள். காத்தான்குடி மாணவி ஒருவர் அமைதியாகக் கேட்டார்: “கொழும்புல காசு இருக்கிற பக்கத்த விட்டுட்டு எதிர்க்கட்சியோட சேர்ந்து மாகாணம் நடத்தினா, எங்கட ஊருக்கு என்ன வந்திருக்கும் சேர்?” அவர் கேட்டது, மாகாணங்களுக்கு மத்தி எவ்வளவு நிதி ஒதுக்குவது என்று பரிந்துரைக்கும் நிதி ஆணைக்குழுவைப் பற்றிய கேள்விதான் என்று சொல்லி, மாகாணத்தின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதற்குப் போனேன். முத்திரைத் தீர்வை, வாகன அனுமதிக் கட்டணம், நீதிமன்றத் தண்டப்பணம் போன்றவை மாகாணத்தின் சொந்தக் காசு. சம்பளமும் அபிவிருத்தியும் பெரும்பாலும் மத்தியின் மானியத்தில் நடக்கின்றன. காசு மத்தியிலிருந்து வரும்வரை மாகாணக் கூட்டணியும் மத்தியைப் பார்த்துத்தான் அமையும். இந்த மாணவி கேட்ட கேள்வியிலிருந்து நிதிப் பகிர்வைத் தொடங்கியதுபோல் வேறு எந்த முறையிலும் அதை விளக்க முடிந்திருக்காது.

கதை அங்கே நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். 2015 சனாதிபதித் தேர்தலுக்குப் பிறகு மத்தியில் ஆட்சி மாறியதும் இரண்டாவது கணக்கு நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம் காங்கிரசின் ஹாபிஸ் நஸீர் அஹமட் முதலமைச்சர். கல்வி அமைச்சும் விவசாய அமைச்சும் தமிழரசுக் கட்சியிடம். சபை 2012இல் தெரிவான அதே சபைதான். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே அமைச்சர் வாரியத்தில் இருந்து இந்த மாகாணத்தை நடத்திய காலம் ஒன்று உண்டு. அது அப்படி ஒன்றும் பழைய காலமல்ல. என் மாணவர்கள் அப்போது பாடசாலைப் பிள்ளைகள். அவர்களில் எவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. எந்தக் குறிப்பிலும் இது இல்லை. 1987ஐப் பற்றிப் பத்துப் பக்கம் இருக்கும் கையேட்டில் 2015க்கு ஒரு பந்திகூட இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தம். அந்த ஆட்சியில் குறைகள் இருந்தன, அதைப் பற்றியும் பேசினோம். ஆனால் அப்படி ஒன்று நடந்ததே தெரியாமல் ஒரு தலைமுறை அரசியல் விஞ்ஞானத்தில் பட்டம் பெறுவது சரியில்லை.

இணைப்பைப் பற்றிய வகுப்பு

இதற்குப் பிறகுதான் வடக்கு கிழக்கு இணைப்பை எடுத்தேன். 1988இல் தற்காலிகமாக இணைத்தது, 2006 ஒக்டோபர் 16 அன்று உயர் நீதிமன்றம் அந்த இணைப்பைச் செல்லாதென்றது, 2007 தொடக்கத்தில் இரண்டு மாகாணங்கள் ஆனது, 2008 மே 10இல் கிழக்குக்குத் தனியாக முதல் தேர்தல். இவ்வளவுதான் நான் சொன்னது. மீதியை மாணவர்கள் பேசினார்கள். ஒரே ஒரு நிபந்தனை: நீங்கள் விரும்பும் ஏற்பாட்டில் யாருக்குப் பயம் வரும் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் உங்கள் நிலைப்பாட்டைச் சொல்ல வேண்டும்.

முரண்பாடு தீர்ந்துவிட்டது என்று எழுத நான் விரும்பவில்லை. இணைப்பு வேண்டும் என்றவர்கள் வேண்டும் என்றே போனார்கள், வேண்டாம் என்றவர்களும் அப்படியே. ஆனால் மதகையும் ஐந்து எண்களையும் பார்த்துவிட்டு வந்த வகுப்பில் பேச்சின் தரம் வேறாக இருந்தது. இணைந்த மாகாணத்தில் எங்கட 7 எவ்வளவாகும் என்று ஒரு முஸ்லிம் மாணவர் கேட்டார். பிரிந்த கிழக்கில் எங்கட 11 என்னத்தைச் செய்தது என்று ஒரு தமிழ் மாணவர் கேட்டார். இரண்டுமே நியாயமான கேள்விகள், இரண்டுக்கும் எண்களோடு பதில் தேடலாம்.

நிலத்தைப் பற்றியும் அன்றே பேச வேண்டி வந்தது. சித்தாண்டிப் பக்கத்து மாணவர் ஒருவரின் குடும்பம் மாடு வளர்ப்பது. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல்தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடங்கிய போராட்டத்தில் அவருடைய தகப்பனாரும் இருந்திருக்கிறார். கால்நடை வளர்ப்பு மாகாண நிரலில் இருக்கிறது. மாடு மேயும் நிலமோ மகாவலி அதிகார சபையின் ஆட்சிக்குட்பட்டது. 13ஆவது திருத்தத்தின் காணி பற்றிய பின்னிணைப்பை வாசித்தோம். அரச காணி மாகாண சபையின் அதிகாரத்துக்குள் வராது என்று 2013 செப்டெம்பர் 26 அன்று உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பையும் வாசித்தோம். மாடு மாகாணத்துடையது, புல் மத்தியுடையது என்று அந்த மாணவர் தானே எழுதிக்கொண்டார். நிரல் மூன்றையும் மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிய காலத்தில் இந்த இடம் அவர் கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்பில்லை.

மதிப்பீட்டில் வந்த சிக்கல்

வெளிவாரிப் பரீட்சையில் வினாக்கள் பழைய மாதிரியே வரும். அதைப் புறக்கணிக்க எந்த ஆசிரியராலும் முடியாது. அலகின் கடைசிப் பகுதியில் பழைய வினாத்தாள்களை எடுத்து, மாணவர்கள் தேடியெடுத்த விடயங்களை அந்த விடைகளுக்குள் எங்கே சேர்ப்பது என்று பழக்கினேன். ஆளுநரின் அதிகாரம் பற்றிய வினாவுக்கு 2017க்குப் பிந்திய நிலையை எழுதினால் விடை கனதியாகும். நிதி பற்றிய வினாவுக்கு வருமான அனுமதிப்பத்திரம் பொருத்தமான உதாரணம். இதற்கு நேரம் போதவில்லை. அலுவலகங்களுக்கு ஏறி இறங்குவது வார நாளில் வேலை செய்பவர்களுக்குக் கஷ்டம். அவர்களின் பங்கையும் குழுவில் மற்றவர்கள் சுமந்தார்கள். பெண் பிள்ளைகளைத் தனியே அலுவலகத்துக்கு அனுப்ப வீட்டில் விருப்பமில்லாத இடங்களும் இருந்தன. இருவர் இருவராகப் போகலாம் என்று மாற்றிய பிறகு அது ஓரளவு சரிவந்தது.

இதே அலகை அம்பாறை மாவட்டத்தில் நடத்துபவர்களுக்கு ஒரு விடயம் சொல்ல வேண்டும். அங்கே வகுப்பில் சிங்கள மாணவர்களும் இருந்தால், ஐந்து எண்களின் கணக்கு இன்னும் பயன் தரும். மாகாணத்தின் 37 ஆசனங்களில் அம்பாறைக்கு 14, மட்டக்களப்புக்கு 11, திருகோணமலைக்கு 10, வெற்றி பெறும் கட்சிக்கு மேலதிகமாக 2. மூன்று சமூகங்களில் எதுவும் மாகாணத்தில் தனியே பாதியைத் தாண்டாது என்பதை அந்த மாவட்ட வகுப்பில் எண்ணிக்கையாகவே காட்டலாம். மதகுக்குப் பதிலாக அங்கே கல்லோயாத் திட்டத்து வாய்க்கால் ஒன்றை எடுத்தால் மத்தி, மாகாணம், கமநல சேவை மூன்றும் ஒரே வாய்க்காலில் வந்து நிற்கும்.

அடுத்த அணிக்கு ஒரு மாற்றம் செய்யப் போகிறேன். எல்லை நிர்ணய அறிக்கையைத் தோற்கடித்த 2018 ஓகஸ்ட் 24ஆம் திகதி விவாதத்தின் ஹன்சாட்டை (நாடாளுமன்ற உரைப் பதிவை) மாணவர்களே வாசித்து, மட்டக்களப்பு மாவட்ட உறுப்பினர்கள் அன்று என்ன பேசினார்கள் என்பதை எடுக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு, மாகாண சபைத் தேர்தலை நடத்துவதற்குச் சட்டத்தில் எந்த வாசகத்தை மாற்றினால் போதும் என்று ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். இந்த முறை கடைசி வகுப்பில் அவசரமாக அந்த வேலையைக் கொடுத்தபோது படுவான்கரைக் குழு ஒன்றரை வரியில் எழுதித் தந்தது: 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் நீக்கப்படுகிறது, அதற்கு முன்னிருந்த முறை மீண்டும் நடைமுறைக்கு வருகிறது. பெண்களுக்கு அந்தத் திருத்தம் கொடுத்த ஒதுக்கீடும் அதோடு போய்விடுமே என்று காத்தான்குடி மாணவி சுட்டிக்காட்டினார். அந்த ஒன்றரை வரி பிறகு ஒன்பது வரியாகியது.